பாறையில் திரும்பிய பந்து

புதிதாக உடற்பயிற்சி ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று தெரிந்திருக்கும். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தில் கால் வைத்த முதல் வாரத்திலேயே ஒரு பையன் வந்து நிற்பான். "சார், லெக் கட்டர் சொல்லிக் குடுங்க சார்" என்பான். நீங்களும் ஆசையாக விரலை எங்கே வைப்பது என்று காட்டுவீர்கள். அவன் பத்துப் பதினைந்து பந்து போட்டுப் பார்ப்பான். வராது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவான்.

விரலை எங்கே வைப்பது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குப் படம் போட்ட புத்தகங்கள் இருக்கின்றன. வேகமாக வருகிற பந்து, கால் பக்கமாக விழுந்து, மட்டையாளர் ஆடப் போகும் நேரத்தில் சட்டென்று ஆஃப் பக்கம் அறுத்துக்கொண்டு போகும். அதுதான் லெக் கட்டர். அந்தப் பந்துதான் என் வேலையைக் காப்பாற்றியது. அது எப்படி என்று சொல்கிறேன். இதில் என் விரலுக்கு உள்ள பெருமையைக் கொஞ்சமும் விட்டுத் தர மாட்டேன், கிழவன் தற்பெருமை அடிக்கிறான் என்று நீங்கள் சிரித்தாலும் சரி.

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், செஞ்சியில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் நான் டிரில் மாஸ்டர். டிரில் மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, வேலை ஆக்டிங்தான், நிரந்தரம் இல்லை. பள்ளியின் கரஸ்பாண்டென்ட் ஓர் அரிசி மில்லுக்குச் சொந்தக்காரர். ஊரே அவரை மில்லுக்காரர் என்றுதான் சொல்லும். டவுன் கிரிக்கெட் டீமுக்கும் அவர்தான் கேப்டன். பந்து அவர் பக்கம் வந்தால் காலால் நிறுத்துவார், ஒருநாளும் குனிந்து எடுத்தது கிடையாது. ஆனால் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அவரைப் போல இன்னொருவருக்கு நான் பார்த்ததில்லை. என்னுடைய வேகத்தைப் பார்த்துத்தான் என்னைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். அதை அவர் மறைக்கவும் இல்லை, நானும் மறக்கவில்லை.

எங்கள் வீடு பக்கத்துக் கிராமமான சிங்கவரத்தில். வீடு மட்டும்தான், நிலம் என்று கையகலம்கூடக் கிடையாது. என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், அடுத்தவர் கொல்லைக் காட்டில் கடலை பிடுங்கி, களை வெட்டிப் பிழைத்தவர். எங்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். டீமில் மற்றவர்களெல்லாம் கடைக்காரர் மகன், கர்ணம் வீட்டுப் பிள்ளை, வக்கீல் குமாஸ்தா என்று இருந்தார்கள். நான் அங்கே நின்றது பந்தின் வேகத்தால் மட்டும்தான். அந்த வேகத்தை ஒரு மழைக்காலத்தில் மலேரியா வந்து துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

காய்ச்சல் விட்டு எழுந்து மைதானத்துக்குப் போனேன். அதே ஓட்டம், அதே வீச்சு, ஆனால் பந்து மட்டும் நத்தையாகப் போனது. எங்கள் விக்கெட் கீப்பர் ஆரோக்கியம் ஸ்டம்புக்கு வெகு பின்னால் நின்ற இடத்திலிருந்து இரண்டடி, மூன்றடி என்று முன்னால் நகர்ந்துகொண்டே வந்தான். அவன் கரி பஸ்ஸில் கண்டக்டர். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியைப் போட்டு ஓட்டிய காலம் அது. சாயங்காலம் பஸ் செஞ்சியில் நின்றதும், முகத்தில் கரியோடு நேராக மைதானத்துக்கு வந்துவிடுவான். நாக்கு நீளம், மனசு தங்கம்.

"இன்னா மாஸ்டரே, கொய்னா மாத்திர உன் வேகத்தையெல்லாம் சாப்ட்டுச்சா? சாஞ்சிகினே புடிக்கலாம் போலருக்குது" என்றான்.

சிரித்துச் சமாளித்தேன். மில்லுக்காரர் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் திட்டினால் பயமில்லை, பேசாமல் போனால்தான் பயம்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் மண்ணெண்ணெய் டின்னைத் திறக்கப் போய், தகரம் என் ஆட்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. மறுநாள் துணியைச் சுற்றிக்கொண்டு பந்து போட்டேன். வலிக்குப் பயந்து அந்த விரலைத் தூக்கிக்கொண்டேன், நடுவிரல்தான் பந்தின் தையலை அழுத்திப் பிடித்தது. பந்து விழுந்தது, ஆரோக்கியம் கையை ஒரு பக்கம் வைத்தான், பந்து இன்னொரு பக்கம் போய்விட்டது.

"மாஸ்டரே, இன்னா இது? எங்கியோ போவுது!"

இதைக் கவனியுங்கள். அந்த இடத்தில் சாதாரணமாக யாரும் "கை நழுவிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தை ஒழுங்காகப் போடுவார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். இப்போது என்ன செய்தேன், எந்த விரல் என்ன செய்தது என்று யோசித்தேன். திரும்பவும் அதையே செய்தேன். திரும்பவும் அறுத்துக்கொண்டு போனது. ஆரோக்கியம் கையிலிருந்த கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்து என் விரலைப் பார்த்தான். உங்கள் மாணவர்களுக்கு ஏதாவது தப்பாக நடந்தால், "ஸாரி" சொல்ல விடாதீர்கள். முதலில் "என்ன செய்தே?" என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு எங்கள் மைதானத்தில் எனக்கு ராஜயோகம். வேகம் பாதியாகிவிட்டது, விக்கெட் இரண்டு மடங்காகிவிட்டது. வந்த டீமெல்லாம் மூக்கறுபட்டுப் போனது. மில்லுக்காரர் மறுபடியும் என் தோளில் கை போட்டுப் பேச ஆரம்பித்தார். நானும் தலைகால் தெரியாமல் ஆடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பையன்களிடம் நடுவிரலைக் காட்டி, "இதுலதான்டா எல்லாம் இருக்குது" என்று பெருமை பேசினேன்.

பிறகு திண்டிவனத்துக்கு ஆடப் போனோம். என் மானம் கப்பலேறியது. அதே விரல், அதே பந்து, ஆனால் ஒரு பந்துகூடத் திரும்பவில்லை. கட்டை வண்டி போல நேராகப் போனது. திண்டிவனத்துக்காரர்கள் அடித்த அடியில் பந்தைத் தேடிப் பக்கத்துக் கொல்லைகளுக்கு ஓடியே எங்கள் ஆட்களுக்கு நாக்கு தள்ளிவிட்டது. திரும்பும் வழியில் மேட்டில் கரி பஸ் மூச்சு வாங்கி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மில்லுக்காரர் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"விழுப்புரத்துல ஒரு பையன் இருக்கறானாம்பா. நல்ல வேகமாம். டிரில் சர்டிபிகேட்டும் வச்சிருக்கறானாம். வர்ற ஜூன்ல ஸ்கூலுக்கு வரச் சொல்லலாம்னு பாக்கறேன்."

பஸ்ஸைத் தள்ளிக்கொண்டே கேட்டேன். ஜூனில் அவன் வந்தால் நான் போக வேண்டும். போவதற்கு எனக்கு இருந்த ஒரே இடம், நைனாவோடு அடுத்தவன் கடலைக் கொல்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் நானும் ஆரோக்கியமும் எங்கள் மைதானத்துக்குப் போனோம். அந்தக் காலத்தில் இப்போது போலப் புல் பிட்ச் கிடையாது. தென்னை நாரில் பின்னிய நீளமான பாயை மண்ணின் மேல் விரித்து, ஓரத்தில் இரும்பு முளைகளை அடித்து இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல்தான் ஆட்டம். முதலில் நான் வழக்கம்போல மலைப் பக்கத்து ஸ்டம்பைப் பார்த்துப் போட்டேன். பந்து பாம்பு போலத் திரும்பியது. பிறகு ஆரோக்கியத்தை ஊர்ப் பக்கத்து முனையில் நிறுத்தி, அந்தப் பக்கம் போட்டேன். நேராகப் போனது. மறுபடி மலைப் பக்கம், திரும்பியது. மறுபடி ஊர்ப் பக்கம், நேர்.

இருவரும் மலைப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தோம். ஆரோக்கியம் முளையைப் பிடித்து இழுத்தான். கையோடு வந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றித்தான் தெரியுமே, பாதி இடத்தில் ஒரு சாணுக்குக் கீழே பாறை இருக்கும். மலைப் பக்கத்து முனையில் முளை இறங்கவே இல்லை. பாய் அங்கே எப்போதும் தொளதொளவென்று கிடந்தது. பந்து அந்தத் தளர்ந்த நாரில் சிக்கித் திரும்பியிருக்கிறது. திண்டிவனத்தில் பாய் விறைப்பாக இருந்தது, என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது.

ஆரோக்கியம் முளையைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே சொன்னான். "இத்தினி நாளா விக்கெட் எடுத்தது நீ இல்ல மாஸ்டரே. இவன்தான். இவனுக்குத்தான் சம்பளம் குடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. செஞ்சிக்காரனைத் தவிர வேறு யாரும் இப்படி ஏமாற முடியாது. மலைக்குக் கீழே குடியிருந்துகொண்டு, பாறையின் வேலையைத் தன் விரலின் வேலை என்று நினைத்து ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

"முழுக்க முளதான் திருப்புச்சுன்னு நெனைக்கிறியா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? பாயி இல்லாத எடத்துல போட்டுப் பாரு. தெரிஞ்சிடும்."

சிங்கவரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் சமமாக ஒரு பாறை பரந்து கிடக்கும். அறுவடைக் காலத்தில் பெண்கள் அதில் கடலை காய வைப்பார்கள். மற்ற நாளில் சும்மா கிடக்கும். ஸ்டம்புக்குப் பதிலாக மூன்று செங்கல்லை அடுக்கி, அங்கே போட ஆரம்பித்தேன். பாறை பந்தைப் பிடிக்காது, யாருக்கும் சலுகை காட்டாது. வழுக்கிக்கொண்டு நேராகப் பறந்தது. அந்தக் கோடை முழுக்க அங்கேதான் கிடந்தோம். ஆரோக்கியம் சைக்கிளில் வருவான். பந்து பாறையில் பட்டு எகிறும், அவன் விரல்களில் அடி விழாத விரல் ஒன்றுகூட இல்லை. வேட்டியைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொண்டு, "போடு மாஸ்டரே, இன்னும் ரெண்டு" என்பான். அவன் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் நைனா கொல்லையிலிருந்து வரும் வழியில் நின்று பார்த்தார்.

"இன்னாடா, பாறைய ஒடைக்கப் போறியா?"

"வேலைய காப்பாத்தணும் நைனா."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போனா போவுது வுடு. நம்மள எல்லாம் பொழுது சாஞ்சா போன்னு சொல்றதுதானே. நாளைக்கி வேற கொல்ல." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு இருட்டும் வரை போட்டேன்.

எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. விரலை மட்டும் நம்பாமல், மணிக்கட்டும் தோளும் ஒரே நேரத்தில் இறங்கும்படி பழகியபோது, ஒரு பந்து பாறையில் பட்டு நாலு விரல் அகலம் நகர்ந்தது. பாயில் திரும்பியதைப் போலப் பாம்பாட்டம் எல்லாம் இல்லை. நாலு விரல் அகலம்தான். ஆனால் அது முழுக்க முழுக்க என்னுடையது. ஆரோக்கியம் பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்து, மரியாதையாக நடந்து வந்து என் கையில் கொடுத்தான். வழக்கமாகத் தூக்கித்தான் எறிவான்.

விழுப்புரத்துப் பையனுக்கு வேறு எங்கோ ஒரு வேலை வருவதாக இழுத்துக்கொண்டிருந்ததால் அந்த ஜூனில் அவன் வரவில்லை. என் தலைக்கு மேல் கத்தி மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. அறுவடை முடிந்த பிறகு கடலூரிலிருந்து ஒரு டீம் எங்கள் மைதானத்துக்கு வந்தது. ஜில்லாத் தலைநகர் டீம். அதன் கேப்டன் கலெக்டர் ஆபீஸில் பெரிய வேலையில் இருந்தவர், அமைதியான மனிதர், பிரமாதமான ஆட்டக்காரர். டீ இடைவேளைக்கு அவர்களுக்கு ஜெயிக்க இருபது ரன் சொச்சம்தான் பாக்கி. கையில் இரண்டு விக்கெட். ஒரு முனையில் கேப்டனே பிடி கொடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

டீ இடைவேளையில் பாயை மறுபடி இழுத்துக் கட்டுவது பந்து போடும் டீமின் பொறுப்பு. காலையில் மலைப் பக்கத்து முனையில் பாறாங்கல்லைத் தூக்கி வைத்து ஒப்பேற்றியிருந்தோம். முளை நிற்காத விஷயம் ஏற்கெனவே காதுக்கு எட்டியிருந்த மில்லுக்காரர் டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"அந்தக் கல்ல எல்லாம் எடுத்துடு. மலப் பக்கம் பாய் லூஸா கெடக்கட்டும். பழயபடி திருப்பி வுடு. இன்னிக்கி தோத்தம்னா, நீ நாளைக்கி பள்ளிக்கூடத்துப் பக்கம் வர வேணாம்."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். மேலே இருப்பவர் ஒன்று சொல்வார், வேலை அதில் தொங்கும். அப்போது கோபத்தில் ஒன்றைச் செய்யாதீர்கள், பயத்தில் ஒன்றைச் செய்யாதீர்கள். ஆட்டத்தைப் பாருங்கள். நான் பார்த்தேன். அந்தக் கடலூர் கேப்டன் காலையிலிருந்து ஒவ்வொரு ஓவருக்கு முன்னாலும் பாயைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஆடினார். பாய் தளர்ந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். தளர்ந்த பாயில் பந்து மெதுவாக வரும், அவர் காத்திருந்து அடிப்பார். பாய் விறைப்பாக இருந்தால், திரும்பாது என்று நம்பி நேராக மட்டையை வைப்பார். எனக்கு வேண்டியது நாலு விரல் அகலம்தான்.

அதோடு இன்னொன்றும் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அது என் பந்தா, பாயின் பந்தா என்று நாலு பேர் முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பாயை இன்னும் இறுக்கிக் கட்டப் போகிறேன் என்று ஆரோக்கியத்திடம் சொன்னேன். "வேல போயிடும் மாஸ்டரே."

"தெரியும். கயிற எடு."

பாயின் முனையில் தாம்புக் கயிற்றைக் கட்டி, பாறைக்கு அப்பால் நல்ல மண் இருக்கும் இடம் வரை இழுத்து, அங்கே கடப்பாரைகளை அடித்து இறக்கினோம். பாய் மேளத் தோல் போல விறைத்தது. மில்லுக்காரர் களத்துக்குள் வந்து, பாயின் மேல் ஒரு கால் வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்ணி வச்சிருக்கே?"

"ஐயா, ஒரே ஒரு ஓவர் பாருங்க."

"ஓவர இப்ப பாக்கறேன். உன்ன நாளைக்கி பாக்கறேன்."

கடலூர் கேப்டன் வழக்கம்போல பாயை ஷூவால் அழுத்தினார். ஒரு புருவத்தைத் தூக்கினார், திருப்தியாகத் தலையை ஆட்டினார். முதல் பந்தை நேராகப் போட்டேன். நேராகத் தடுத்தார். அடுத்ததும் நேர்தான், அதை எல்லைக்கு அடித்தார். மில்லுக்காரர் தலையில் அடித்துக்கொண்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவதும் நேராகத்தான் போட்டேன். அவர் நம்ப வேண்டும், அதற்கு எனக்குப் பொறுமை வேண்டும். ஓடத் தொடங்கும்முன் ஆரோக்கியத்தைப் பார்த்து மூக்கைச் சொறிந்தேன். அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த அடையாளம்.

நாலாவது பந்து கால் ஸ்டம்பில் விழுந்தது. அவர் அழகாக, நேராக மட்டையை வைத்தார். பந்து நாலு விரல் நகர்ந்தது. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஆரோக்கியத்தின் கை ஏற்கெனவே அங்கே இருந்தது. எங்கள் அம்பயர் வாயைத் திறக்கும்முன் கடலூர் கேப்டன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார். பெரிய மனிதர் அப்படித்தான் இருப்பார். கடைசி ஆளின் ஸ்டம்பு அடுத்த பந்தில் பறந்தது. ஆரோக்கியம் என்னைத் தூக்கிச் சுற்றிய சுற்றலில் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் கடலூர் கேப்டன் நேராக என்னிடம் வந்தார். மில்லுக்காரரும் கூடவே வந்து நின்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"பாய் இவ்வளவு டைட்டா இருந்துச்சே, அதுல எப்படிங்க திரும்புச்சு?" என்று கேட்டு, என் கையை வாங்கி நடுவிரலைப் பார்த்தார். அதில் பாறையில் பழகிய காய்ப்பு தடித்துப் போயிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கடலூருக்கு வந்துடறீங்களா? எங்க ஆபீஸ்லயே உங்களுக்கு ஒரு வேலைக்கு ஏற்பாடு பண்றேன். இங்க உங்களுக்கு ஆக்டிங்கா, பர்மனென்ட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மில்லுக்காரர் முந்திக்கொண்டார்.

"பர்மனென்ட்டுங்க! நம்ம ஸ்கூல் டிரில் மாஸ்டர். அவர் எங்கியும் வர மாட்டாரு."

இரண்டு டீமும், அம்பயர்களும், டீக்கடைக்காரரும், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் நடுவில் சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்குகிற ஆள் இல்லை அவர். முதல்முறையாக என்னை 'அவர்' என்றும் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை வைத்துத்தான் நான் ஓய்வு பெறும் நாள் வரை அதே பள்ளியில் விசில் ஊதினேன்.

அன்று சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு சிங்கவரம் போனேன். நைனா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, பர்மனென்ட் ஆயிடுச்சு."

"அப்டின்னா?"

"இனிமே என்ன யாரும் போன்னு சொல்ல முடியாது."

அவர் செம்பைக் கீழே வைத்தார். நான் எடுத்த எத்தனையோ விக்கெட்டுகள் எனக்கு மறந்துவிட்டன, அவர் கேட்டது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

"நம்ம வூட்டு ஆள ஒருத்தரும் போன்னு சொல்ல முடியாதா?"

"முடியாது நைனா" என்றேன்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.